48 மணி நேரம் பிறந்த கதை

மாலையில் ஷூ கம்பெனிகள் விடும் நேரத்தில் ஆம்பூர் சாலையோரம் நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருவார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர்கள் வீடு திரும்ப முடிகிறதே, அதற்குப் பின்னால் கால் நூற்றாண்டுக்கு மேல் நீண்ட ஒரு கதை இருக்கிறது.

1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை என்று தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கோ தனி விதி: 60 மணி நேரம். 1922-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை அப்படியே ஏற்றது. 1934-இல் 60 என்பது 54 ஆனது. அத்தோடு நின்றது.

அந்தக் கணக்கை மாற்றியவர் ஒரு சட்ட ஆசிரியர். பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி, 1935-இல் அதன் முதல்வராக உயர்ந்தவர் அம்பேத்கர். மறு ஆண்டே சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938-இல் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்க வந்த மசோதாவை எதிர்த்துப் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களோடு தெருவில் இறங்கினார். உழைக்க மறுப்பவனைத் தண்டிப்பது அவனை அடிமையாக்குவதே என்று சட்டமன்றத்தில் வாதாடினார். 1942-இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கைக்கு வந்தது.

1946-இல் மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை முன்மொழிந்தவர் அவரே. வாரத்துக்கு 48 மணி நேரம் அன்றுதான் இந்தியாவில் சட்டமானது. 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைக் காத்தது; கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. ஓ.டி. பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கணக்கு மனப்பாடம்.

2023 ஏப்ரலில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்தது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. பெற்றதை அன்றாடம் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் 48 மணி நேரச் சட்டம் கம்பெனி கேட்டோடு நின்றுவிடுகிறது. ஆம்பூரைச் சுற்றிய ஊர்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஷூவின் மேல்தோலை ஊசியால் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில்தான் கூலி. அவர்கள் குனிந்திருக்கும் மணி நேரத்தை எந்தப் பதிவேடும் குறிப்பதில்லை; இரட்டைக் கூலி என்ற பேச்சே அங்கு இல்லை. கடல் கடந்து போகும் அதே ஷூவில்தான் அவர்கள் தையலும் இருக்கிறது.

அம்பேத்கரைச் சிலையாகவும் படமாகவும் நன்கு அறிந்த ஊர்கள் இவை. அவருக்கு மாலை போடுகிறவர்கள் அந்தத் திண்ணைகளுக்கும் போக வேண்டும். அங்கே தைக்கிறவர்களின் நேரத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.