எந்த அறையின் சத்தம்? ஓப்பன்-பேக் ஹெட்போன்களின் கதை

ஹெட்போன் ரிவ்யூக்களில் "இது நியூட்ரல்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீங்க. நியூட்ரல்னா என்ன? இதற்கான பதில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414-ஐ வெளியிட்டது. அதுவரை ஹெட்போன் என்றால் காதை இறுக்கி மூடுற கனமான கிண்ணங்கள். இதுவோ எடை குறைவு, மஞ்சள் ஸ்பாஞ்சு, பின்பக்கம் திறந்தே இருக்கும். சந்தைக்கு வந்த முதல் ஓப்பன் ஹெட்போன் இதுதான். 1 கோடிக்கும் மேல விற்றது. பாட்டு தலைக்குள்ளே அடைபட்ட மாதிரி இல்லாம, காற்றோட்டமா கேட்டது.

ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. பின்பக்கம் திறந்திருந்தால், டிரைவரின் முன்னாலும் பின்னாலும் வரும் அலைகள் சந்தித்து, ஆழமான பேஸை ஒன்றையொன்று அழித்துவிடும். இன்றைய ஓப்பன்-பேக் ஹெட்போன்கள் பலவற்றிலும் அடி பேஸ் குறைவதற்கு இது முக்கியக் காரணம்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரிசு. நல்ல ஸ்பீக்கரை அளந்தால் கிராஃப் ஏறக்குறைய நேர்கோடா வரணும். ஹெட்போனை அப்படி நேர்கோடா செய்தால், சத்தம் மங்கலாத்தான் கேட்கும். ஏன்னா, வெளியிலிருந்து வரும் ஒலியில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை நம்ம காதே தூக்கிக் கொடுக்குது. மூளைக்கு அது பழகிப்போச்சு. செவிப்பறையில் அதே மேடு வரும்படி ஹெட்போனையும் டியூன் பண்ணணும். எவ்வளவு மேடு? அது ஒலி எந்தத் திசையிலிருந்து, எந்த அறையில் வருது என்பதைப் பொறுத்தது.

முதல் பதில்: எதிரொலியே இல்லாத அறையில், நேர் எதிரே ஒரு ஸ்பீக்கர். இதுக்குப் பேர் ஃப்ரீ ஃபீல்டு. 1980-களில் ம்யூனிக்கில் ஒலிபரப்புத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் இருந்த குந்தர் டைலே வேற மாதிரி வாதிட்டார்: ஒலி எல்லாத் திசையிலிருந்தும் சமமா வருவதாக வைத்துக்கொள்ளணும். இது டிஃப்யூஸ் ஃபீல்டு. ஏகேஜி தன்னோட கே 240 டிஎஃப் மாடலின் பெயரிலேயே இதைச் சேர்த்துக்கொண்டது.

1997-இல் சென்ஹைசர் எச்டி 600 வந்தது, 2003-இல் எச்டி 650. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. 650-இல் ட்ரெபிள் கொஞ்சம் மென்மை, பேஸ் கொஞ்சம் கூடுதல். எது சரின்னு ரசிகர்கள் இன்னும் சண்டை போடுறாங்க.

2013 வாக்கில் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ், டாட் வெல்டி இருவரும் கேள்வியையே மாத்தினாங்க. நாம பாட்டு கேட்பது சாதாரண அறையில்தானே? அதனால் நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர்களை வைத்து, பொம்மைத் தலையின் காதில் அளந்தாங்க. பிறகு கேட்பவர்களிடம் எது பிடிக்குதுன்னு சோதிச்சாங்க. டிஃப்யூஸ் ஃபீல்டை விட ட்ரெபிள் குறைவாகவும் பேஸ் அதிகமாகவும் பலருக்குப் பிடிச்சது.

இப்போ எச்டி 600-ஐ இந்தக் கோட்டோடு ஒப்பிட்டால், நடுப்பகுதி நெருங்கி வரும், அடி பேஸ் குறையும். பேஸை இவ்வளவு எதிர்பார்க்காத பழைய அளவுகோலில் அந்தக் குறை இவ்வளவு பெரிசா தெரியாது. ஹெட்போன் அதேதான், அளவுகோல்தான் வேற.

அதனால அடுத்த முறை ஒரு ரிவ்யூ கிராஃபைப் பார்த்தால், எந்தக் கோட்டோடு ஒப்பிட்டிருக்காங்கன்னு முதல்ல பாருங்க. ஹார்மன் கோடும் பலரோட விருப்பத்தின் சராசரிதான். உங்க காதின் வடிவம் வேற. வாங்குறதுக்கு முன்னாடி, நல்லா பழகின நாலு பாட்டைப் போட்டு நீங்களே கேட்டுப் பாருங்க.