விலாசம்

நகரத்தார் வீடுகளில் பாத்திரம் புழங்குவதற்கு முன்னால் எண்ணப்படுகிறது. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைக் கல்யாணத்தின்போது பரப்பி வைப்பார்கள். பித்தளை, வெண்கலம், எனாமல், எவர்சில்வர் என்று வரிசை வரிசையாக. பலவற்றை அதற்குப் பிறகு யாரும் அடுப்பில் ஏற்றியதே கிடையாது. ஆனால் எல்லாவற்றிலும் எழுத்து வெட்டியிருக்கும். பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த அந்தக் கோவைக்கு விலாசம் என்று பெயர். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வட்டிக்கடை அறியப்பட்டதும் அதே எழுத்துகளால்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இந்த எழுத்துகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. பழஞ்சாமான் கடைகள் நெருங்கி உட்கார்ந்திருக்கும் தெரு. எனாமல் தூக்குச்சட்டிகள், ரவிவர்மா அச்சுப்படங்கள், ரசம் உதிர்ந்த பெல்ஜியம் கண்ணாடிகள், பர்மாவின் அரக்குப் பெட்டிகள், சாய்வுமூடி போட்ட கணக்குப்பெட்டிகள், பெயர்த்தெடுத்த கதவு நிலைகள். நான் போய்வரும் கடைக்காரர் நகரத்தார் இல்லை. ஆனாலும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எந்த விலாசம் போட்ட சாமான் எந்த ஊரில், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அதில் குறிப்பு. அந்த வீட்டுப் பிள்ளைகள் யாராவது தேடி வந்தால் வாங்கின விலைக்கே கொடுத்துவிடுகிறார். தெருவில் விசேஷம் என்றால் அண்டாக்கள் இரவலாகப் போகின்றன, வாடகை இல்லாமல். “பேரை வச்சு லாபம் பாக்கப்படாதுண்ணே” என்றார், நான் கேட்டதற்கு. சென்னையிலிருந்து வரும் அலங்கார நிபுணர்கள் அந்த எழுத்துகளைத் தேய்த்து எடுத்துத் தரமுடியுமா என்று கேட்கிறார்களாம். இவர் செய்வதில்லை. எடுத்துத் தரும் கடைகளும் இருக்கலாம்.

தூண்கள் தெருவுக்கு வந்த வழி எளிது. வீடு பொது, பங்காளிகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருகுகிறார்கள். ஓடு மாற்ற ஒருவரும் செலவழிக்க மாட்டார். இருபது பேருக்குச் சொந்தமான வீட்டைப் பிரிக்க முடியாது. விழுந்த வீட்டின் தேக்கையும் கல்லையும் விற்றால் வரும் பணத்தைப் பிரிக்கலாம். இப்படிப் போகாமல் தப்பிய ஒரு செட்டிநாட்டு வீடு 1996இல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ராவில் இடம் மாறி நிற்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. என்றாலும், தேக்கின் வழவழப்பில் லயிக்கிற மனம் அந்தத் தேக்கு எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்பதில்லை.

கணக்கு இருக்கிறது. பர்மாவின் வங்கித் தொழில் பற்றி 1929-30இல் விசாரித்த கமிட்டி, செட்டியார்கள் அங்கே போட்டிருந்த மூலதனத்தைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. டெல்டாவின் காடும் சதுப்பும் வயலாக மாறுவதற்குப் பெரும் பங்கு கடன் அவர்களிடமிருந்தே போயிற்று. வெள்ளைக்கார வங்கிகள் பர்மாக்காரக் குடியானவனின் முகத்தைப் பார்க்கத் தயாராயில்லை. பிறகு 1930இல் நெல்விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியவில்லை, அடமானம் முழுகியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் செட்டியார் கையிலிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6; 1938இல் 25. நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை, பணத்தைத்தான் கேட்டார்கள் என்பது உண்மை. நிலத்தை இழந்தவனுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தோன்றியிருக்காது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1948இல் நிலம் தேசியமயமாக்கப்பட்டது, 1963இல் வங்கிகள். முனீஸ்வரன் கோயில் தெருவின் சரக்குக்கு இந்தத் தேதிகளோடு உறவு உண்டு.

நகரத்தாரின் இழப்பு நமக்குத் தெரிந்த கதை, தாத்தாக்கள் சொன்னது. பெட்டியடிப் பையனுக்கும் மேலாளுக்கும் ப. சிங்காரம் ‘புயலிலே ஒரு தோணி’யில் இடம் கொடுத்தார். கடன் வாங்கியவனுக்குத் தமிழில் யாரும் இடம் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அவன் பெயர் வெண்கலத்தில் இல்லை. அவன் இருப்பது பேரேட்டில்.

பேரேடுகள் எங்கே போயின? 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் சாமானுக்கு நூறு வயது கேட்கிறது. சரித்திர மதிப்புள்ள கையெழுத்து ஆவணங்களுக்கு 75 போதும் என்கிறது. சட்டம் அறிந்த இந்த அருமை பழைய பேப்பர்காரருக்கு எட்டவில்லை. பித்தளை உருக்கினாலும் காசு, வைத்திருந்தாலும் காசு. காகிதம் எடைக்குப் போயிற்று. பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, யாரும் சீந்தாத நோட்டீசையும் அழைப்பிதழையும்கூடச் சேர்த்து வைத்துவிட்டு 1992இல் இறந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிச் சென்னையில் நூலகமாக நிலைக்கச் செய்தது. அச்சடித்த காகிதத்துக்கு ஒரு முத்தையா வாய்த்தார்.

கடைக்காரரிடம் பேரேடு உண்டா என்று கேட்டேன். சுவர்க்கடிகாரம் ஒன்றுக்கு முட்டுக்கொடுத்திருந்ததை உருவி எடுத்தார். தோல் அட்டை, செல் அரித்த ஓரம். மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்பிய மேலாள் கொண்டுவந்ததாக இருக்கலாம். தமிழ் எண்கள், மாகாணி, அரைக்கால் குறிகள். இவற்றைத் தடங்கலின்றிப் படிப்பவர்கள் அருகிவிட்டார்கள். இடப்பக்கம் பெயர்கள். மவுங், கோ, மா என்று தொடங்குபவை. நம் எழுத்தில் அடங்காத ஒலிகளை யாரோ ஓர் அடுத்தாள் காதால் வாங்கி எழுதியிருக்கிறான். ஒரே பெயர் இரண்டு பக்கம் தள்ளி வேறுவிதமாக வருகிறது. சில பெயர்களுக்கு நேரே ஏக்கர். அதற்கப்புறம் அந்தப் பெயர்கள் இல்லை.

நோட்டில் இதற்குக் குறிப்பு போட்டிருக்கிறீர்களா என்றேன். விலாசம் உள்பக்கம் இருந்தது, அதை மட்டும் போட்டிருந்தார். விலை கேட்டதற்குத் தராசில் வைத்தார்.