தொடங்கும் கணமா, கடந்த தூரமா? பள்ளி உராய்வுச் சோதனையின் வடிவமைப்பு குறித்து

பெரும ஓய்வுநிலை உராய்வுக்கும் செங்குத்து விசைக்கும் உள்ள தொடர்பைக் கண்டு, உராய்வுக் குணகத்தைக் கணக்கிடுவது சிபிஎஸ்இ பதினோராம் வகுப்பு இயற்பியல் செய்முறைகளில் ஒன்று. பாடத்திட்டமும் என்சிஇஆர்டியின் ஆய்வகக் கையேடும் தில்லியில் உருவாகி நாடெங்கும் செல்கின்றன. எனவே இந்த எளிய சோதனையின் வடிவமைப்பில் குறை இருந்தால், அது ஏராளமான மாணவர்களின் அறிவியல் பழக்கத்தில் படியும். ஆய்வகத்தில் இப்போதுள்ள கருவிகளையே வைத்துக்கொண்டு, எதை அளக்கிறோம் என்பதை மட்டும் மாற்றினால் இச்சோதனை உண்மையான ஆய்வாகிவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விரல் தட்டலில் மறைவது

வழக்கமான முறை எல்லோருக்கும் தெரிந்ததே. கிடைமட்டமான கண்ணாடிப் பரப்பின் மேல் ஒரு மரக்கட்டை. அதன் கொக்கியில் கட்டிய நூல் கப்பி வழியாக இறங்கி ஒரு தட்டைத் தாங்குகிறது. தட்டில் எடைகளைக் கூட்டிக்கொண்டே போய், பரப்பை விரலால் மெல்லத் தட்டும்போது கட்டை நகரத் தொடங்கும் நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் அந்தத் தட்டலில்தான் தொடங்குகிறது. தட்டிய அதிர்வில் கட்டைக்கும் கண்ணாடிக்கும் இடையிலான பிடி ஒரு கணம் தளர்கிறது; உண்மையான எல்லைக்குச் சற்று முன்பே கட்டை நழுவுகிறது. எவ்வளவு முன்பு என்பது விரலுக்கு விரல் வேறுபடும். காத்திருக்கும் நேரமும் கணக்கில் வரும். மரம் மரத்தின் மேல் அசையாமல் இருக்கும் நேரம் கூடக் கூட, அதை நகர்த்தத் தேவையான விசையும் கூடுவதை 1785இல் வெளியான தம் ஆய்வில் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும் பதிவு செய்திருக்கிறார். ஒவ்வோர் எடைக்குப் பின்னும் எவ்வளவு நேரம் பொறுத்தோம் என்று எழுதாத அட்டவணையில் இந்த விளைவு கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடுகிறது. எடைகளின் படியளவும் ஒரு குறை. 200 கிராம் கட்டைக்குக் குணகம் 0.3 என்றால் நகரும் எல்லை 60 கிராம். எடைகளை 5 கிராம் படியில் கூட்டினால், ஒரு படியே ஏறத்தாழ 8 சதவீதம்.

சாய்தளம் மாற்றாகுமா?

கட்டையைச் சாய்தளத்தில் வழுக்கவிட்டு, அது சமதளத்தில் வந்து நிற்கும் இடத்தைக் குறிப்பது பலரும் சொல்லும் மாற்று. இறங்கிய உயரத்தை, கடந்த மொத்தக் கிடைமட்டத் தூரத்தால் வகுத்தால் இயக்க உராய்வுக் குணகம் கிடைக்கும். நிறையும் கோணமும் நீங்கிவிடும். பார்க்க அழகான முடிவுதான். ஆனால் சாய்தளமும் சமதளமும் சேரும் மூலையை அது மறந்துவிடுகிறது. இரண்டுக்கு ஒன்று என்ற சரிவில், குணகம் 0.3 எனக் கொண்டு, கட்டையை ஒரு புள்ளியாகக் கருதிக் கணக்கிட்டால், மூலை மோதலில் இயக்க ஆற்றலில் சுமார் 42 சதவீதம் போய்விடும். மூலையை வளைவாக்கினால் இழப்பு குறையுமே தவிர மறையாது. வளைவில் செங்குத்து விசை கூடுவதால் உராய்வும் கூடும்.

பழைய கருவி, புதிய அளவு

மரக்கட்டையும் கப்பியும் தட்டும் அப்படியே இருக்கட்டும். கட்டை நிச்சயமாக நகரும் அளவுக்குத் தட்டில் எடை வைப்போம். தட்டு 30 செ.மீ. இறங்கியதும் ஒரு முக்காலியின் மேல் வைத்த துணி மடிப்பில் அமரட்டும். அந்தக் கணத்தில் நூல் தளர்கிறது. கட்டை தன் வேகத்தில் மேலும் சிறிது தூரம் வழுக்கி நிற்கிறது. அளக்க வேண்டியது அந்தத் தூரம்தான். கட்டையின் நிறை க, தட்டும் எடைகளும் சேர்ந்த நிறை த, இறங்கும் உயரம் உ, நூல் தளர்ந்தபின் வழுக்கும் தூரம் வ எனில்,

இயக்க உராய்வுக் குணகம் = (த × உ) ÷ [வ × (க + த) + உ × க]

நிறுத்துக் கடிகாரமோ கோணமானியோ தட்டலோ தேவையில்லை. கட்டை 200 கிராம், குணகம் 0.3 என்றால், தட்டு 80, 100, 120 கிராமாக இருக்கும்போது வழுக்கும் தூரம் முறையே 7.1, 13.3, 18.8 செ.மீ. ஆக வேண்டும். நடு அளவில் அரை செ.மீ. பிழை நேர்ந்தாலும் குணகம் 1.5 சதவீதமே மாறும்.

இம்முறையின் பெரிய வலிமை, தன் குறையைத் தானே காட்டுவது. மூன்று எடைகளும் ஒரே குணகத்தைத் தந்தால் நல்லது. எடை கூடக் கூடக் குணகம் இறங்கினால், கப்பி அச்சின் உராய்வை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏறினால், கப்பியின் சுழல் நிலைமத்தைச் சந்தேகிக்க வேண்டும். கப்பியை உராய்வற்றது என்று எழுதிவிட்டுக் கடந்துபோகும் மாணவர் இங்கே கப்பியையே சோதிக்கத் தொடங்குகிறார்.

சிதறலும் பருவமும்

ஒரே அமைப்பில் பலமுறை செய்தாலும் தூரங்கள் ஒன்றாக வரமாட்டா. இரு பரப்புகள் உண்மையில் தொட்டுக்கொள்வது நுண்ணிய முகடுகளில் மட்டுமே என்பதை உராய்வு ஆய்வாளர்களான பௌடனும் டேபரும் 1950இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினர். அந்த முகடுகளின் மேல் படியும் தூசும் ஈரமும் விளைவை மாற்றக்கூடியவை. இதை ஆராயத் தில்லியின் வானிலை நல்ல வாய்ப்பு. கல்வியாண்டு தொடங்கும் ஏப்ரலில் காற்று உலர்ந்திருக்கும். ஆகஸ்டில் பருவமழை ஈரம் நிறைந்திருக்கும். அதே கட்டையை, அதே கண்ணாடியில் இரு மாதங்களிலும் வழுக்கவிட்டு, வேறுபாடு சிதறலைவிடப் பெரிதா என்று கேட்பது பள்ளிக்கு எட்டக்கூடிய ஆய்வுக் கேள்வி. சிதறலை எழுதாதவரால் அக்கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன் முதல் இயக்குநராக இருந்த தேசிய இயற்பியல் ஆய்வகம் இதே நகரில் இருக்கிறது. நாட்டின் அளவைத் தரங்களைக் காக்கும் அத்தகைய ஆய்வகத்தில், பிழை எல்லை இல்லாத அளவு முழுமையான அளவாகாது. அந்த நெறி பள்ளிக்கு அதிகம் என்று சொல்வதற்கில்லை. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் பங்கேற்றனர். கிராமத்துப் பிள்ளைகள் மலிவான கருவிகளால் தாமே சோதித்து, தம் அளவுகளை விவாதித்து முடிவுக்கு வந்தனர்.

“நேரம் போதாது, தேர்வில் ஒரே விடை வேண்டும்” என்ற மறுப்பு எழலாம். தட்டு இறங்குவது சில நொடி வேலை. எடையை ஒவ்வொன்றாகக் கூட்டிக் காத்திருப்பதைவிட இது விரைவு. விடையைப் பொறுத்தவரை, மாற வேண்டியது மதிப்பீடு. செய்முறைக்கு ஒதுக்கிய 30 மதிப்பெண்ணில் இச்சோதனைக்கு வரும் பங்கை மூன்றாகப் பிரிக்கலாம்: செய்வதற்கு முன் எழுதிய கணிப்பு, அளவுகளின் சிதறல், கணிப்பும் அளவும் விலகியதற்கான விளக்கம். குணகம் 0.30 என்று வந்ததா 0.36 என்று வந்ததா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். அப்போது, நண்பரின் குறிப்பேட்டைப் பார்த்து எண்ணைத் திருத்த மாணவருக்குக் காரணமே இராது.