காற்றின் வலிமையும் குழாயின் அகலமும்

லோரிச் சக்கரங்களின் நட்டுகளைக் கழற்றவும் முடுக்கவும் இன்று பட்டறைகளில் கையாளப்படும் காற்றுக் கருவியை நம் தோட்டத்து இளைஞர்கள் ‘கன்’ என்று ஒரே சொல்லில் குறிப்பிடுகிறார்கள். அதனைப் பற்றிக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. கம்ப்ரஸரின் முள் 120 பவுண்டு காட்டுகிறது. தொட்டி நிறையக் காற்று இருக்கிறது. ஆயினும் கன் படபடவென்று அடித்துக்கொண்டு நிற்கிறதே தவிர நட்டு அசைவதில்லை. உடனே கருவி மட்டம் என்பார்கள். கருவி புதியதாயின், அதைப் பிடித்திருக்கும் பையனுக்குக் கை வரவில்லை என்பார்கள். இவ்விரு தீர்ப்புகளும் பெரும்பாலும் பிழையானவை. காற்றைக் கொண்டுவரும் குழாயை யாரும் விசாரிப்பதில்லை.

இக்கேள்வி புதியதன்று. கன் தோன்றுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே, ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இது எழுந்தது. அப்போதே விடையும் காணப்பட்டது.

ஃபிரான்ஸையும் இத்தாலியையும் இணைக்க ஃபிரேஜுஸ் மலைக்கு அடியில் ரயில் பாதை குடையும் வேலையை 1857-ஆம் ஆண்டில் ஸார்டினியா அரசு தொடங்கியது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு மேலே ஒரு மைல் உயரத்துக்கு மலை நின்றது. ஆகவே நடுவில் கிணறு வெட்டி இறங்கிப் பல முனைகளில் வேலை செய்ய வழியில்லை; இரு வாய்களிலிருந்தும் குடைந்துகொண்டே செல்லவேண்டும். சம்மட்டியும் உளியுமே துணை என்றால் ஒரு தலைமுறைக்கு மேலும் ஆகும் என்று கணக்கிட்டார்கள். நீராவி யந்திரத்தை உள்ளே கொண்டுபோனால் புகையில் ஆட்கள் மூச்சுத் திணறிச் சாவார்கள். அப்போது ஜெர்மெய்ன் ஸொம்மெய்யே என்னும் பொறியாளரும் அவருடைய தோழர்களான கிராந்திஸ், கிராத்தோனி ஆகியோரும் சொன்ன வழி யாதெனில், மலையருவியின் நீரைக்கொண்டு வெளியிலேயே காற்றை அமுக்கி, அதைக் குழாய் வழியே உள்ளே அனுப்பித் துளையிடும் யந்திரத்தை இயக்குவது என்பதாகும்.

அறிஞர் பலர் ஐயுற்றனர். அவர்கள் ஐயம் வேடிக்கையானதன்று. அமுக்கிய காற்று ஆறு கிலோமீட்டர் குழாயில் ஓடி முனையைச் சேர்வதற்குள் தன் அழுத்தம் முழுவதையும் குழாயின் சுவரோடு உராய்ந்தே இழந்துவிடாதா? அரசு இதனை வாய்வாதத்துக்கு விட்டுவிடாமல் ஒரு குழுவை நியமித்தது. ஜெனோவா நகரை அடுத்த ஓரிடத்தில் 1857-இல் குழாய்களைப் பதித்துக் காற்றைச் செலுத்தி அளந்து பார்த்தார்கள். குழாய் நீள நீள இழப்பு கூடுகிறது. காற்று விரைய விரைய இழப்பு மிகவும் கூடுகிறது. குழாய் அகன்றால் இழப்பு குறைகிறது. அகலத்தைத் தாராளமாக வைத்து, காற்றை மெதுவாக நடத்தினால், தூரம் ஒரு பொருட்டன்று என்பது தெளிவாயிற்று. அதன்படி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய்களை இட்டார்கள். 1861-இல் இத்தாலியப் பக்கத்திலும், பின்னர் ஃபிரெஞ்சுப் பக்கத்திலும் யந்திரங்கள் வேலைக்கு வந்தன. 1870 டிசம்பர் 26-இல் இரு பக்கமும் சந்தித்தன. வெளியேறிய காற்றே உள்ளிருந்த ஆட்களுக்கு மூச்சுக்காற்றாகவும் உதவியது. 1871 செப்டம்பரில் பாதை திறக்கப்பட்டபோது ஸொம்மெய்யே உயிருடன் இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

அக்குழு கண்ட உண்மையை நம் லயத்துத் தண்ணீர்க் குழாயைக் கொண்டே மாணவருக்கு விளக்கிவிடலாம். எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும் நள்ளிரவில் ஒருவர் திறந்தால் தண்ணீர் சீறிப் பாய்கிறது. காலை ஆறு மணிக்குப் பத்து வீட்டாரும் திறந்தால் கடைசி வீட்டில் நூல்போல் ஒழுகுகிறது. மலைமேலுள்ள தொட்டி தாழவில்லை, நீர்மட்டமும் குறையவில்லை. ஓடாத நீருக்கு உராய்வு இல்லை. ஓடும் நீருக்கு உண்டு. காற்றும் அப்படியே. கன்னின் விசையை அழுத்தாதபோது கம்ப்ரஸரில் 120 இருந்தால் ஹோஸின் நுனியிலும் 120 இருக்கும். விசையை அழுத்திக் காற்று ஓடத் தொடங்கியதும் தொட்டியில் 115 காட்டலாம். கன்னின் வாயில் 60 தான் இருக்கலாம். சும்மா இருக்கும் காற்றுக்குத்தான் கம்ப்ரஸரின் முள் சாட்சி.

இதில் பலர் எண்ணிப் பாராத கணக்கு ஒன்று உண்டு. ஒரே அளவு காற்று ஓடுமாயின், இழப்பு குழாயின் உள்விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். அதாவது அரை அங்குல ஹோஸுக்குப் பதிலாகக் கால் அங்குல ஹோஸை மாட்டினால் இழப்பு இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ அன்று, 32 மடங்கு. மூன்றெட்டு அங்குல ஹோஸ் கண்ணுக்கு அரை அங்குலத்தைவிடச் சற்றே மெலிந்ததாகத் தோன்றும். ஆனால் இழப்பு நான்கு மடங்குக்கு மேல். கடையில் சில ரிங்கிட் மிச்சம் பிடித்து வாங்கிய ஹோஸ், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கன்னைப் பாதியாக்கிவிடுவது இவ்வாறே. ஹோஸின் இரு தலையிலும் மாட்டும் சிறிய கப்ளருக்குள் எவ்வளவு துவாரம் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவரும் சிலரே.

நம்மவர் வரலாற்றில் அமுக்கிய காற்று பெருமளவில் புகுந்த இடம் கோலார் தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கு வேலை தொடங்கிய பின், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் குடும்பம் குடும்பமாகச் சென்று சுரங்கத்தில் இறங்கினர். நம் பாட்டன்மார் மலாயாவுக்குக் கப்பல் ஏறிய அதே காலம். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. மின்சாரம் அவ்வளவு தூரம் வந்தாலும் பாறையின் முகத்தில் துளையிட்டது காற்றுதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றது. பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். இவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் காற்றுத் தூண் தன் எடையாலேயே கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் கூடப் பெறும். இது மேலே மலையேறுவோர் அறியாத ஒரு சலுகை. ஆனால் கிளைக் குழாய்களும், கசியும் இணைப்புகளும், கடைசியில் மெல்லிய ரப்பர் ஹோஸும் சேர்ந்து அச்சலுகையை விழுங்கிவிடக் கூடும். துளையின் அடிக்கணக்கு குறைந்தால் ஏச்சு விழுவது குழாய் பதித்தவர்மேல் அன்று, யந்திரத்தைத் தோளில் தாங்கி நின்றவன்மேல்தான்.

தங்கவயலைச் சொல்லும்போது தூசியை விட்டுவிடலாகாது. காற்று உளி கையுளியைவிடப் பன்மடங்கு வேகமாகப் பாறையைப் பொடியாக்கியது; அப்பொடி நுரையீரலில் தங்கியது. அமெரிக்காவில் ஜார்ஜ் லெய்னர் 1890-களின் இறுதியில் உளியின் நடுவே துளைவிட்டு நீரைச் செலுத்தித் தூசியை அடக்கும் வழியைக் கண்டார். அவ்வழி எல்லாச் சுரங்கங்களுக்கும் பரவப் பல்லாண்டுகள் ஆயின. தங்கவயலில் 1940-களில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், பார்க்கப்பட்ட தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவருக்குச் சிலிக்கோசிஸ் நோய் இருந்தது. யந்திரத்தின் வலிமையை அளந்தவர்கள் மனிதனின் மூச்சை அளக்க அரை நூற்றாண்டு தாமதித்தார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

இனிக் கன்னுக்கு வருவோம். 1930-களில் அமெரிக்காவில் உருவான இக்கருவி, சுரங்க உளியின் தம்பி எனலாம். உள்ளே காற்றால் சுழலும் சிறு மோட்டார் ஒன்று. அதனோடு சுழலும் சுத்தியல் ஒன்று. நட்டோடு பிணைந்த பட்டடை ஒன்று. சுத்தியல் ஓடிவந்து பட்டடையை அறைந்து, விலகி, மறுபடி ஓடிவந்து அறைகிறது. விசை அடியாக விழுவதால் பிடித்திருப்பவன் கையை அது முறுக்குவதில்லை. அந்த அடியின் ஆற்றல் சுத்தியலின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றுக் குறைந்து வேகம் பத்தில் ஏழாகத் தாழ்ந்தால் அடியின் ஆற்றல் பாதியாகிவிடும். சத்தம் மட்டும் அவ்வளவாகக் குறையாது! கருவி ‘நன்றாகத்தான் அடிக்கிறது’ என்று நம்பி ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

பெரும்பாலான கன்கள் 90 பவுண்டுக்கு வடிவமைக்கப்பட்டவை. அந்த 90 கன்னின் வாயில், அது ஓடும்போது இருக்கவேண்டிய 90. அரை அங்குலக் கன் விடாது ஓடினால் நிமிடத்துக்கு 20 கன அடிவரை காற்றுக் கேட்கும். சிறு பட்டறையின் இரண்டு குதிரைசக்திக் கம்ப்ரஸர் 7, 8 கன அடிக்கு மேல் தருவது அரிது. எனவே ஓரிரு நட்டுக்குத் தொட்டியிலுள்ள சேமிப்பு தாங்கும். மூன்றாவதில் கை ஓயும். லோரிச் சக்கரத்துக்குரிய ஓர் அங்குலக் கன்னுக்கு முக்கால் அங்குல ஹோஸ் வேண்டும்.

நம் மலைக்கென்று தனியே ஒரு குறையும் சேர்கிறது. தானா ராத்தா கடல்மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்குள்ள காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் நூற்றுக்கு 84 பங்குதான். ஆகவே தொட்டியை 90 பவுண்டுக்கு நிரப்ப, கிள்ளானில் தொட்டியைப்போல் ஆறு மடங்கு வெளிக்காற்றை உறிஞ்சும் கம்ப்ரஸர் இங்கே ஏழு மடங்குக்கு மேல் உறிஞ்சவேண்டும். கன்னுக்கு இதனால் நேரே நட்டமில்லை. 90 வந்து சேர்ந்தால் அது எங்கும் அதே அடிதான் அடிக்கும். தளர்வது கம்ப்ரஸர். சமவெளிக் கடைக்காரர் ‘போதும்’ என்று சொல்லி ஏற்றிவிட்ட கம்ப்ரஸர் இங்கே ஏன் போதாமற்போகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மலையின் ஈரம் தொட்டியில் நீராகத் தேங்குவதையும் நாள்தோறும் வடித்துவிடவேண்டும். தேங்கிய நீர் அளவுக்குக் காற்றின் இடம் குறையும், கன்னும் துருப்பிடிக்கும்.

இம்மலையையும் அமுக்கிய காற்று குடைந்திருக்கிறது. 1958-இல் உலக வங்கி மலாயாவுக்கு அளித்த கடனைக் கொண்டு மேற்கொள்ளப்பட்ட கேமரன் மலை நீர்மின் திட்டத்தில், தெலோம் ஆற்று நீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியே பெர்த்தாம் பள்ளத்தாக்குக்குத் திருப்பப்பட்டது. ரிங்லெட் அணையில் தேங்கும் நீர் மற்றொரு சுரங்கத்தில் இறங்கி, 1963-இல் இயங்கத் தொடங்கிய ஜோர் மின்நிலையத்தை ஓட்டுகிறது. துளையிட்டு வெடிவைத்துக் குடையும் காலத்து வேலை அது. ஃபிரேஜுஸில் அருவி நீர் காற்றை அமுக்கி மலையைத் துளைத்தது; இங்கே காற்று மலையைத் துளைத்து நீருக்கு வழி விட்டது.

கன் வலுவிழந்தால் பட்டறையில் நடப்பது என்ன? ஸ்பேனரின் பிடியில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகிப் பையன் அதன்மேல் ஏறிக் குதிப்பான். இல்லையேல் மண்டோர் வந்து கம்ப்ரஸரின் அழுத்தத்தை 150-க்கு ஏற்றிவிடுவார். மெல்லிய ஹோஸ் வெடிக்கும் அபாயம் ஒருபுறம். ஹோஸை மாற்றிய மறுநாள் அதே 150 நேரே கன்னுக்குள் பாய்ந்து நட்டின் மரையையும் போல்ட்டையும் கெடுக்கும் அபாயம் மறுபுறம். இரண்டையும்விடப் பொல்லாதது, கன் அடித்த சத்தத்தை நம்பி, அரைகுறையாக முடுகிய நட்டோடு லோரியைத் தாப்பா சாலையின் வளைவுகளில் இறக்குவது. அந்த லோரியின் பின்னே பள்ளிப் பிள்ளைகளின் வேனும் வருகிறது.

செய்யவேண்டியது பெரிய செலவன்று. கன்னுக்கும் ஹோஸுக்கும் நடுவே சிறு அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி, விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே அதைப் படிக்கவேண்டும். 90-க்கு மிகக் கீழே இறங்கினால் ஹோஸையும் கப்ளரையும் முதலில் மாற்றுக, பில்டரைப் பார்க்க, அதன் பின்னரே கம்ப்ரஸரையும் கன்னையும் சந்தேகிக்க. கனரக லோரியின் பெரிய நட்டுகளுக்கு ஏறத்தாழ 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தேவை; வண்டிக்கு வண்டி வேறுபடும் சரியான அளவு அதற்குரிய கையேட்டில் இருக்கும். கடைசி முறுக்கைக் கன்னிடம் விடாமல், முறுக்குவிசையை அளக்கும் ஸ்பேனரால் கையாலேயே வைக்கவேண்டும். சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சோதிப்பது முறை. ரிங்லெட்டிலிருந்து தாப்பா போய்த் திரும்பும் ஒரு நடை ஏறக்குறைய அவ்வளவு தூரமே. ஆகையால் லோரி தோட்டத்துக்குத் திரும்பியதும், அடுத்த கொழுந்து ஏற்றுவதற்கு முன் இச்சோதனையைச் செய்துவிடலாம்.