பத்தாயிரம் அடி எங்கிருந்து வந்தது?



"10,000 அடி நடக்கணுமாம், நமக்கு ஏலாது" என்று சொல்லி நம் உம்மாமார் பலர் நடையையே விட்டுவிடுகிறார்கள். நாமும் வகுப்பில் பிள்ளைகளுக்கு அந்த எண்ணைத்தான் சொல்லிக்கொடுத்தோம். அதன் கதை வேறு.

1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அடுத்த வருடம் யமாசா என்ற ஜப்பான் கம்பனி, இடுப்பில் மாட்டினால் அடிகளை எண்ணும் கருவியொன்றை விற்கத் தொடங்கியது. பெயர் 'மன்போகேய்'. பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள். நம் போன்களில் இன்று வந்து நிற்பது அந்தப் பெயர்தான். வைத்தியர்கள் சோதித்துக் கண்ட எல்லை அல்ல. (விளம்பரம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது பாருங்கள்!)

சோதித்துப் பார்த்தது பிறகுதான். அமெரிக்காவில் சராசரி 72 வதுடைய 16,741 பெண்களின் நடையை அளந்த ஆய்வு 2019இல் வெளியானது. நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களை விட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 வரை பலன் கூடியது, அதற்குமேல் பெரிதாகக் கூடவில்லை. மெதுவாக நடந்தவர்களுக்கும் அடிகள் கணக்கில் சேர்ந்தன.

4,400 அடி என்பது சுமார் மூன்று கிலோமீட்டர். குசினிக்கும் முற்றத்துக்கும் நடப்பது, சந்திக் கடைக்குப் போய் வருவது எல்லாம் அதற்குள் அடக்கம்.