அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் சந்தையும்: அரசுக் கட்டுப்பாட்டின் வரலாறு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல், கிரிட்டேசியஸ் காலத்தில் இப்பகுதியை மூடியிருந்த கடல் விட்டுச்சென்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எச். எஃப். பிளான்ஃபோர்டு இப்படிவுகளை ஆராய்ந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். நிலவியலாளர்களை ஈர்த்த இந்த மண் 20ஆம் நூற்றாண்டில் சிமெண்ட் ஆலைகளை ஈர்த்தது. போட்டி, சந்தைத் தோல்வி, அரசுக் கட்டுப்பாடு என்று இளங்கலைப் பொருளியலில் தனித்தனி அலகுகளாகப் படிக்கப்படும் மூன்றும் இங்கே ஒரே பண்டத்தின் வரலாற்றில் பின்னிக் கிடக்கின்றன. சிமெண்ட் மூட்டையின் விலையைக் கட்டுக்குள் வைக்க அரசு பல பத்தாண்டுகள் பாடுபட்டது; அந்த மூட்டைக்காகத் தோண்டப்பட்ட குழியின் விலையைக் கேட்க வெகுகாலம் தாமதித்தது.

பாடநூல் சொல்லும் நிறைவுப் போட்டிக்கு நெருக்கமான சந்தையும் இங்கேயே உண்டு. பெரம்பலூரின் செட்டிகுளம் வட்டாரத்தில் சின்ன வெங்காயம் பயிரிடுவோர் ஏராளம். ஒருவர் சரக்கை நிறுத்தினாலும் கொண்டுவந்தாலும் சந்தை விலை அசையாது. விலை சரிந்தால் வெங்காயத்தைப் பட்டறையில் அடுக்கிவைத்துக் காத்திருக்கலாம். ஆனால் அழுகுவதற்குள் விற்றாக வேண்டும்.

சிமெண்ட் அப்படியல்ல. ஆலை தொடங்கப் பெரும் முதலீடும் சுண்ணாம்புக்கல் சுரங்கக் குத்தகையும் வேண்டும். இரண்டும் சிலருக்கே வாய்க்கும். சரக்கோ கனமானது, எடையை நோக்க விலை குறைவு. எனவே தொலைவுக்கு அனுப்பினால் லாரி வாடகை லாபத்தைத் தின்றுவிடும். நாடு முழுவதும் பல ஆலைகள் இருந்தாலும், ஒரு வட்டாரத்தில் விற்பவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஒரு நிறுவனத்தின் மூட்டைக்கும் இன்னொன்றின் மூட்டைக்கும் தரத்தில் பெரிய வேறுபாடு இல்லாததால், ஒருவர் விலையை மற்றவர் கவனித்தே தம் விலையை வைக்கிறார். சில்லோர் முற்றுரிமைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இந்தச் சுண்ணாம்புக்கல் பட்டையில் முதலில் எழுந்தது 1939இல் கல்லக்குடியில் அமைந்த டால்மியா ஆலை. அது இன்றைய திருச்சி மாவட்டத்தில் உள்ளது. விடுதலைக்குப் பின் சிமெண்ட் விலையும் விநியோகமும் நடுவண் அரசின் பிடியில் இருந்தன. 1956இல் விநியோகம் அரசு வணிகக் கழகத்திடம் சென்றது. 1966இல் கட்டுப்பாடு நீக்கப்பட்டது, 1968இல் திரும்பி வந்தது. விலை தாழ்வாக நிறுத்தப்பட்டதால் புதிய ஆலை போட முன்வந்தவர்கள் குறைவு. தட்டுப்பாடு நீடித்தது. வீடு கட்டுவோர் பெர்மிட்டுக்குக் காத்திருந்தனர், கறுப்புச் சந்தை செழித்தது. மகாராஷ்டிரத்தில் சிமெண்ட் ஒதுக்கீட்டுக்குக் கைம்மாறாக அறக்கட்டளைகளுக்கு நன்கொடை பெற்ற விவகாரத்தில் முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே 1982 ஜனவரியில் பதவி விலகினார். சந்தையின் குறையைத் தீர்க்க வந்த கட்டுப்பாடே புதிய குறையாக மாறியதற்கு இது நேரடிச் சான்று.

அடுத்த மாதமே பகுதிக் கட்டுப்பாட்டு நீக்கம் வந்தது. பழைய ஆலைகள் உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்கையும், புதிய ஆலைகள் பாதியையும் லெவியாக அரசு விலைக்குக் கொடுத்துவிட்டு மீதியை வெளிச்சந்தையில் விற்கலாம் என்றானது. 1989 மார்ச் 1 முதல் கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது. 1991இல் ஆலை தொடங்குவதற்கான உரிமமுறையும் போனது.

அரியலூரில் அதற்கு முன்பே அரசு தானே உற்பத்தியாளராக இறங்கியிருந்தது. தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் அரியலூர் ஆலை 1979இல் இயங்கத் தொடங்கியது. கட்டுப்பாடு நீங்கிய பின் தனியார் ஆலைகள் விரைந்து பெருகின. தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ், ரெட்டிபாளையத்தில் பின்னாளில் அல்ட்ராடெக் கைக்கு வந்த ஆலை, 1997இல் ஆலத்தியூரில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ், பிறகு அதன் கோவிந்தபுரம் ஆலை, டால்மியா, செட்டிநாடு என்று ஒரே வட்டாரத்தில் ஆலைகள் நெருங்கி நின்றன. 

ஆலைகள் பெருகினால் போட்டியும் பெருகும் என்ற எதிர்பார்ப்பு முழுதும் பலிக்கவில்லை. 1969ஆம் ஆண்டின் முற்றுரிமைத் தடைச் சட்டம் நிறுவனத்தின் அளவைக் கண்டு அஞ்சியது. 2002இல் இயற்றப்பட்டு 2009 மே மாதம் நடைமுறைக்கு வந்த போட்டிச் சட்டம் நிறுவனங்களின் நடத்தையைப் பார்த்தது. இந்தியக் கட்டுநர் சங்கத்தின் புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2012 ஜூனில் முன்னணி சிமெண்ட் நிறுவனங்கள் மீது சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அரியலூரில் ஆலை வைத்திருந்த அல்ட்ராடெக், இந்தியா சிமெண்ட்ஸ், மெட்ராஸ் சிமெண்ட்ஸ் மூன்றும் அப்பட்டியலில் இருந்தன. விலைகள் ஒன்றாக ஏறியதையும், ஆலைத் திறன் முழுதாகப் பயன்படுத்தப்படாததையும், உற்பத்தியாளர் சங்கத்தின் வழியாகத் தகவல் பரிமாறப்பட்டதையும் ஆணையம் சுட்டியது. சிலரே விற்கும் சந்தையில் பேசிவைக்காமலும் விலைகள் ஒன்றாக நகரலாம் என்பது நிறுவனங்களின் வாதம். பொருளியல் கோட்பாடும் அதை மறுப்பதில்லை. வழக்கின் கடினமே அங்கேதான் இருக்கிறது. 2015இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையை ரத்துசெய்து திருப்பி அனுப்பியது. 2016இல் ஆணையம் மீண்டும் அபராதம் விதித்தது, 2018 ஜூலையில் அப்போதைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதிசெய்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

வழக்கு நடந்துகொண்டிருந்த இடைவெளியில் தமிழ்நாடு அரசு வேறு வழியில் விலைக்குள் நுழைந்தது. 2015 ஜனவரியில் தொடங்கிய அம்மா சிமெண்ட் திட்டத்தில் தொடக்கத்தில் மூட்டை 190 ரூபாய்க்கு விற்கப்பட்டது. 1,500 சதுர அடி வீட்டுக்கு அதிகபட்சம் 750 மூட்டை கிடைத்தது. தனியாரிடம் வாங்கி அரசு கிடங்குகளில் விற்ற இம்முறை, பெர்மிட் காலத்தின் மென்மையான மறுவருகை. 2021 நவம்பரில் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் ‘வலிமை’ என்ற பெயரில் புதிய சரக்கைச் சந்தையில் இறக்கியது. விலையைத் தாழ்த்தி நிறுத்துவதைவிட, போட்டியாளராக நின்று இழுப்பதே நிலையான வழி.

குழியின் கணக்கு இனி. அரைத்துச் சிமெண்டாக்கப்படும் கிளிங்கர் ஒரு டன்னுக்குச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் தேவை. 50 கிலோ சாதாரண சிமெண்ட் மூட்டைக்கு ஏறக்குறைய 70 கிலோ. கல்லுக்காக அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகை டன்னுக்கு 80 ரூபாய் என்றால் மூட்டைக்கு ஆறு ரூபாய்க்கும் குறைவு. சுரங்கத்தால் பாதிக்கப்படுவோருக்காக 2015இல் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பழைய குத்தகைதாரர் உரிமத்தொகையில் 30 விழுக்காடு செலுத்த வேண்டும். அது மூட்டைக்கு இரண்டு ரூபாயைக்கூட எட்டாது. கைவிட்ட சுரங்கங்களில் தேங்கும் மழைநீர், வயலில் படியும் தூசி, கல் லாரிகள் ஓடும் சாலையில் நேரும் உயிரிழப்பு ஆகியவை விலையில் சேராத புறவிளைவுகள். இவற்றைச் சுமப்பவர் சிமெண்ட் வாங்கும் சென்னைக்காரர் அல்லர். சுரங்கத்தை ஒட்டிய கிராமத்தினர்.

கனிம நிலத்துக்கு வரி போடும் உரிமை மாநிலத்துக்கு உண்டா என்ற சட்டக் கேள்வியும் இதே தொழிலில் பிறந்தது. 1989இல் இந்தியா சிமெண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிமத்தொகையின் மேல் தமிழ்நாடு விதித்த மேல்வரி செல்லாது என்றது. 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, உரிமத்தொகை வரியல்ல என்று கூறி அத்தீர்ப்பை மாற்றியது. தமிழ்நாடு உடனே கனிமவள நிலவரிச் சட்டம் இயற்றி, 2025 ஏப்ரல் முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் வரி விதித்தது. மூட்டைக்குச் சுமார் 11 ரூபாய். போட்டியின் பக்கத்திலோ, அதற்குச் சில மாதங்கள் முன், 2024 டிசம்பரில், போட்டி ஆணையத்தின் ஒப்புதலுடன் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக்கின் துணை நிறுவனமாகியிருந்தது. தளவாயும் ரெட்டிபாளையமும் இப்போது ஒரே கையில் இருக்கின்றன.