யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? திருச்சி மிஷன் வரலாறும் நம் பிள்ளைகளும்

உறையூர்ப் பக்கம் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியை ஒட்டி வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வரும். பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் கல்லூரி வயது. கிதார், பலூன், வண்ணப் பென்சில், கன்னத்தில் பட்டாம்பூச்சி வரையும் சாயம். 'மிஷன் பயணம்' என்று அதற்குப் பெயர். இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு பாடி ஆடி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்களில் பலருக்கு இதைக் கண்டாலே எரிச்சல். நம் சேரிக் குழந்தையை மடியில் வைத்து எடுத்த படம் எந்த ஊர்ச் சபையின் சுவரில் தொங்கப்போகிறதோ என்று பேசிக்கொள்வோம். சமூகவியல் படித்த திமிரும் கொஞ்சம் உண்டு.

அந்தத் திமிரை உடைத்தது ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை. "அவங்க வந்தா உனக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்டோம். "அவங்க யாரும் எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்கக்கா" என்றாள்.

பள்ளியில் சேர்க்கும்போதும், தோழி வீட்டு வாசலிலும், கடையிலும் நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அது வராத இரண்டு மணி நேரம் ஒரு குழந்தைக்கு எத்தனை பெரிது என்பதை நாம் கேலி செய்யக்கூடாது. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது? இந்தக் கேள்விக்குத் திருச்சியில் இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706 ஜூலையில் டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்டு வந்திறங்கிய ஜெர்மானியர்கள் சீகன்பால்குவும் புளூட்சோவும் தமிழ் கற்க ஒரு வழி கண்டார்கள். ஒரு வயதான வாத்தியாரைத் தங்கள் வீட்டிலேயே திண்ணைப் பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதினார்கள். மிஷன் வரலாற்றில் நமக்குப் பிடித்த காட்சி இது. இங்கே வெள்ளைக்காரர் மாணவர், தமிழ்ப் பிள்ளைகள் அவருக்கு முன்னே போகிறவர்கள். அடுத்த ஆண்டே பள்ளிகள் தொடங்கின, 1714-இல் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கினார்கள். எல்லாம் சரி. அந்த மணலில் எந்தெந்தச் சாதிப் பிள்ளைகள் உட்கார முடிந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத் திண்ணைப் பள்ளியின் வாசற்படி நம்முடையது அல்ல.

அதே தரங்கம்பாடி மிஷனில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். தஞ்சைப் படையில் சேவகம் செய்தவர், பறையர். தஞ்சை நாட்டில் சபைகளை வளர்த்தவர். முதல் தமிழ்க் குருவாக 1733-இல் ஆரோன் என்ற வெள்ளாளர் அபிஷேகம் பெற்றார். அடுத்த முறை ராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டது. பறையர் கையால் மற்றச் சாதியார் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பின்வாங்கினார்கள். 1741-இல் குருவானவர் தியோகு. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். பெரியவர்களின் நிலைமையே இது. பிள்ளைகளின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

1762-இல் திருச்சிக்கு வந்தவர் கிறிஸ்டியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ். ஆற்காட்டு நவாபின் நகரம், ஆங்கிலேயக் கம்பெனியின் படைமுகாம். கோட்டை வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, அனாதையான படைவீரர் பிள்ளைகளுக்காக அவர் பள்ளி திறந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தினார். தெப்பக்குளம் அருகே இன்றும் நிற்கும் கிறிஸ்து ஆலயம் 1766-இல் எழுந்தது. பின்னாளில் படைக் குருவாகக் கம்பெனி கொடுத்த சம்பளத்தில் பெரும்பகுதியை மிஷன் வேலைக்கே செலவிட்டார். தமிழ், பாரசீகம், மராத்தி என்று எந்த மொழியிலும் தெருவில் நின்று பேசுவார். காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்குப் போய்ப் பிராமணர்களோடு வாதம் செய்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே கொஞ்சம் நிற்போம். கடல் கடந்து வந்த அந்நியர் ஸ்ரீரங்கத்துத் தெருவில் நின்று அவர்கள் தெய்வத்தையே கேள்வி கேட்க முடிந்தது. அவருடைய சபையில் ஞானஸ்நானம் பெற்ற பறையர் வீட்டுப் பிள்ளை அதே வீதியில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வார் ஆற்றின் இக்கரையில் நின்றே பாடினார், ஒதுங்கவில்லை என்று கல்லடி பட்டார் என்பது வைணவர்களே சொல்லும் கதை. ஆலயப் பிரவேசச் சட்டம் வர 1939 ஆகவேண்டியிருந்தது. அந்நியருக்கு இருந்த தெரு மண்ணின் மக்களுக்கு இல்லை.

சரி, கோவில் தெருவை விடுவோம். சுவார்ட்ஸின் ஆலயத்துக்குள் என்ன நடந்தது? வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம். அவர் இதை விரும்பியிருக்க மாட்டார், கால ஓட்டத்தில் கரைந்துவிடும் என்று நம்பியிருக்கலாம். கரையவில்லை. 1785-ஐ ஒட்டித் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் அவர் ஊக்கத்தில் ஆங்கிலப் பள்ளிகள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 250 பகோடா கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் பிராமணரும் உயர்சாதியாரும். கம்பெனிக்கு எழுத்தர் தேவைப்பட்டது, அவர்களுக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வேதபாடம்.

சுவார்ட்ஸ் நேரடியாகக் கைபிடித்து வளர்த்த பிள்ளைகளில் இருவர் பெயர் வரலாற்றில் நின்றது. ஒருவர் தஞ்சை மன்னர் சரபோஜி. மற்றொருவர் பாளையங்கோட்டையிலிருந்து பன்னிரண்டு வயதில் அழைத்து வரப்பட்ட வேதநாயக சாஸ்திரியார். எத்தனையோ கிறித்தவக் கீர்த்தனைகள் பாடிய பெரும் புலவர், வெள்ளாளர். சபைக்குள் சாதி வேறுபாட்டைக் காப்பாற்றி 1829-இல் நூல் எழுதியவரும் இவர்தான். மிஷனரியின் அன்பு முழுக்கக் கிடைத்த குழந்தை அது. அந்த அன்பு சாதியின் பக்கமே போகவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

1826 ஏப்ரல் 3 காலையில் கோட்டை ஆலயத்தில் தமிழ்க் கிறித்தவர்களுக்குத் திடப்படுத்தல் கொடுத்துவிட்டு வந்த கல்கத்தா பேராயர் ஹீபர், குளிக்கும்போது இறந்தார். திருச்சியில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை, கல்லூரியே இருக்கிறது. அந்தப் பயணத்தில் அவர் மேசையில் கிடந்த பெரிய வழக்கே ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது என்பதுதான். பழைய வழக்கத்தை அவசரப்பட்டு மாற்றவேண்டாம், விசாரிக்கலாம் என்ற பக்கம் அவர் மனம் சாய்ந்திருந்தது. விசாரணை முடியும் முன் அவர் முடிந்தார்.

உறுதியாக நின்றவர் அடுத்து வந்த பேராயர்களில் ஒருவரான டேனியல் வில்சன். சபைக்குள் சாதி உடனே, முழுவதுமாகக் கைவிடப்பட வேண்டும் என்று 1833-இல் சுற்றறிக்கை விடுத்தார். சேர்ந்து உட்கார வேண்டும், ஒரே கிண்ணத்தில் நற்கருணை பெற வேண்டும். வேப்பேரியிலும் தஞ்சையிலும் சாதிக் கிறித்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். அவர்கள் இயேசுவை விடவில்லை, பெஞ்சைத்தான் விடவில்லை.

பள்ளிகளில் சண்டை இன்னும் பச்சையாக நடந்தது. நெல்லைச் சீமையில் ரேனியஸ் 1820-களில் நடத்திய விடுதியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே சமையலைச் சேர்ந்து உண்ண வேண்டும் என்றபோது, வெள்ளாளப் பிள்ளைகள் மறுத்தார்கள். அவர் இறங்கிவரவில்லை, விடுதியை மூடிவிட்டுப் பிறகு புதிதாகத் தொடங்கினார். இந்தப் பிடிவாதம் நமக்குப் பிடிக்கிறது. பாட்டு, பரிசு, படம் எதற்கும் ஆட்சேபம் வந்ததில்லை. ஒரே பானைச் சோறு என்றவுடன்தான் பள்ளியே ஆட்டம் கண்டது.

கத்தோலிக்கத் தோழர்கள் இதையெல்லாம் சீர்திருத்தச் சபைக் கதை என்று ஒதுக்கவேண்டாம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறித்தவர் பிணத்தையும் மற்றவர் பிணத்தையும் பிரித்த சுவரை எதிர்த்து நம் காலத்திலேயே போராட வேண்டியிருந்தது. அரசு என்ன செய்தது என்றால், 1950 குடியரசுத் தலைவர் ஆணையால் இந்து அல்லாத நம்மவரைப் பட்டியலுக்கு வெளியே வைத்தது. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டார்கள். எங்கள் படிப்பகத்தில் ஒரே சந்தில், அடுத்தடுத்த வீட்டில் வசிக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு, பெரியப்பா சித்தப்பா மக்கள். ஒருத்தி எஸ்.சி., இன்னொருத்தி பி.சி. தெருவில் இருவருக்கும் ஒரே வசவு.

இந்த ஜனவரியில் அந்தக் குழு வந்தபோது ஒரு சின்ன மாற்றம் செய்தோம். பலூன் வேண்டாம், தரையில் உட்காருங்கள், பிள்ளைகள் உங்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கட்டும் என்றோம். மணலுக்குப் பதில் சிலேட்டு. 'ழ' எழுதத் தெரியாமல் ஒரு பெரிய ஆள் திணற, நம் ஏழாம் வகுப்புப் பிள்ளை அவர் விரலைப் பிடித்து வளைத்து எழுதவைத்தாள். பிறகு அவள் வீட்டில் டீ. வந்தவர்கள் எல்லோரும் குடித்தார்கள்.

அவர்களோடு மொழிபெயர்க்க வந்த உள்ளூர் அண்ணன், அந்தப் பிள்ளையின் குடும்பம் போகும் அதே ஆலயத்துக்குப் போகிறவர், டீ குடிக்கும் பழக்கம் இல்லை என்றார். தண்ணீராவது குடிங்கண்ணா என்று அவள் சொம்போடு நின்றாள். தாகமில்லை என்று சொல்லிவிட்டு, வேனில் வைத்திருந்த பாட்டிலை எடுக்கப் போனார். அவள் சொம்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து 'ள'-வைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள்.